மாதிரி மன்னிப்புக் கடிதம்

உங்கள் அழைப்பு வந்து சேர்ந்தது. நம் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் படத்தைத் திறந்து வைக்கப் போகிறீர்களாம். அவரிடம் படித்து இன்னும் உயிரோடு இருக்கிறவர்களில் மூத்தவன் நான்தானாம். பழைய நாட்களைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று ஒரு கார்டு போட்டிருந்தால் நீங்களும் விட்டிருப்பீர்கள். போடத்தான் இருந்தேன். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அன்றைக்கு ஹெட்மாஸ்டருடைய மாதிரிக் கடிதத்தை ஒருவர் மேடையில் வாசித்துக் காட்டுவார் என்று, அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்னும் எரிகிறது. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கடிதம் உங்களுக்கு மனப்பாடம். ஹெட்மாஸ்டர் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததாம். ஒரு சுரங்கக் கூலி தான் செய்த திருட்டை ஒப்புக்கொண்டு துரையிடம் மன்னிப்புக் கேட்கிற இங்கிலீஷ் கடிதம். மெட்ரிகுலேஷன் இங்கிலீஷ் பரீட்சைக்குப் போகிற பையன் ஒவ்வொருவனும் அதை மூன்று தடவை பார்த்து எழுத வேண்டுமாம். கடிதத்தின் அடியில் ஒரு கறுப்புக் கறை இருக்கும், பார்த்திருப்பீர்கள். மசி கொட்டியது என்று நினைத்திருப்பீர்கள். அது கைநாட்டு. என் அப்பாவுடையது. கடிதத்தை எழுதியவன் நான்.

இதை நாற்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொன்னதில்லை. என் சம்சாரத்திடம்கூடச் சொன்னதில்லை.

தங்கவயலுக்கு மின்சாரம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்தது. உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கக்கூட மாட்டீர்கள். ஓடு போட்ட லைன் வீடுகள் பிற்பாடு வந்தவை. எங்களுக்கு மூங்கில் தட்டி வீடு, மேலே புல். உள்ளே நிமிர்ந்து நடந்தால் தலை இடிக்கும். வட ஆற்காட்டிலிருந்து வந்த ஜனங்கள் வரிசை வரிசையாக அப்படித்தான் இருந்தோம். அப்பாவை எங்கள் வரிசையில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். அப்பா என்று எழுதினால் வேறு யாரோ மாதிரி இருக்கிறது.

அந்த வருஷம் நம் பள்ளிக்கூடத்திலிருந்து மெட்ரிகுலேஷனுக்குப் போனது மூன்றே பேர். ஒருவன் ஸ்டோர் கிளார்க் மகன், ஒருவன் கம்பவுண்டர் மகன், மூன்றாவது நான். மற்றதில் எல்லாம் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் இங்கிலீஷில் போனால் மொத்தமும் போச்சு. வியாகரணம், சொன்னதைக் கேட்டு எழுதுவது, பாட்டை உரைநடையாக மாற்றுவது, கடிதம், கட்டுரை. பாடப் புத்தகத்தில் கப்பல் ஒன்று புயலில் மூழ்குகிற நீளப் பாட்டு இருந்தது. நான் ஏரியைத் தவிரத் தண்ணீர் கண்டவன் இல்லை. பாய்மரம், நங்கூரம், சுக்கான் எல்லாவற்றையும் அகராதியில் பார்த்து ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு, அந்தக் கப்பலை நானே ஓட்டிக் கவிழ்த்தவன் மாதிரி ஒப்பிப்பேன்.

படிக்க வெளிச்சம்தான் இல்லை. அதற்கு முந்தின கோடையில் ஒரு வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு உருண்டு, எங்கள் வரிசையில் பாதி எரிந்துபோயிற்று. அதிலிருந்து அம்மா சமையல் முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவாள். "படிப்பும் வாணா ஒண்ணும் வாணா, குடிசை கீது, அது போதும்" என்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து தண்ணீர் தூக்கி, விறகு பொறுக்கி முடிப்பதற்குள் இருட்டிவிடும். பொழுது விடிந்ததும் மறுபடி ஓட வேண்டும். இதற்கு வழி கண்டுபிடித்தது நைனாதான்.

சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு அப்போதெல்லாம் மெழுகுவத்திதான் விளக்கு. ஷிப்டுக்கு இத்தனை என்று, இறங்குகிற ஷாப்ட் குழி வாசலில் எண்ணிக் கொடுப்பார்கள். ஒரு பிடி களிமண்ணை உருட்டித் தொப்பியின் முன்னால் அப்பி, அதில் வத்தியைக் குத்திக்கொண்டு கேஜ் கூண்டில் இறங்குவார்கள். நைனாவுக்குப் பாறையில் துளை போடும் வேலை. ஒருவர் இரும்புக் கம்பியைப் பாறையில் வைத்துப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொருவர் சம்மட்டியால் அதன் தலையில் அடிக்க வேண்டும். பிடிக்கிறவர் நைனா. அடிக்கிறவர் பக்கத்து வீட்டுக்காரர், எனக்குச் சித்தப்பா முறை. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு, இரண்டு வத்திக்குப் பதில் ஒரே வத்தியில் வேலை செய்தார்கள். மிச்சம் பிடித்த துண்டைக் களிமண் உருண்டையோடு தொப்பியில் வைத்தே நைனா வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

எரிந்து மிச்சமான துண்டை மேலே வந்ததும் ஒரு பெட்டியில் போட வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்தப் பெட்டியில் எலி குட்டி போட்டு வளர்த்தது என்று சித்தப்பா சொல்வார். யாரும் போட்டதில்லை. மேஸ்திரிகள் வீட்டிலேயே அந்தத் துண்டுதான் எரிந்தது. கேட்டில் சோதிக்கிறவர்கள் தேடியது தங்கத்தை. வேட்டியை அவிழ்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, குடுமியைக் கலைத்துப் பார்ப்பார்கள். வத்தித் துண்டை ஒருத்தரும் சீண்டமாட்டார்கள்.

களிமண்ணோடு தரையில் வைத்தால் வத்தி சாயாது. சாய்ந்தாலும் எண்ணெய் கொட்டாது. அம்மா அதற்குச் சம்மதித்தாள். ஆனால் வத்தி மிருகக் கொழுப்பில் செய்தது, அந்த வாசனை அவளுக்கு ஆகாது. "சாமி மாடத்துக்கிட்ட அந்தக் கருமத்தக் கொணாராத" என்று ஒரு மூலையைக் காட்டிவிட்டாள். அந்த மூலையில் குந்திக்கொண்டு கோழி கூவுகிறதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் படிப்பேன். புத்தகத்தில் அங்கங்கே கொழுப்புச் சொட்டி, அந்த இடமெல்லாம் தாள் கண்ணாடியாகி, பின்பக்கத்து எழுத்தும் முன்பக்கத்து எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். கப்பல் பாட்டில் பாதியை நான் அப்படித்தான் படித்தேன். எரிந்து தீர்ந்த உருண்டைகளை எறிய மனசு வராமல் சுவர் ஓரமாக அடுக்கிவைத்தேன். அதில் அங்கங்கே மஞ்சளாக மின்னும். சுரங்கத்துக் கழிவு மேட்டில் விளையாடுகிற குழந்தைகள்கூட அள்ளி எறிகிற மினுக்கல்தான், காசுக்குப் பிரயோஜனம் இல்லாதது. உங்களுக்கும் தெரியும்.

ஒரு நாள் நைனா இடது கட்டைவிரலில் கந்தல் சுற்றிக்கொண்டு வந்தார். கல் விழுந்தது என்றார். கந்தலை அவிழ்த்தபோது நகம் இல்லை. விரலின் நுனி தட்டையாகி இருந்தது. நான் பார்த்துவிட்டு மறுபடி படிக்கப் போய்விட்டேன்.

ஆவணி மாசம், கேட்டுக்குப் புதிதாக ஒரு சோதனைக்காரன் வந்தான். புது ஆளுக்குத் தன் சுறுசுறுப்பைக் காட்ட வேண்டும் இல்லையா? நைனா தொப்பியிலிருந்த உருண்டையைப் பிய்த்து வெயிலில் காட்டினான். மின்னியது. அவ்வளவுதான், பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். அன்று மத்தியானமே இரண்டு காவல்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தரையைக் கடப்பாரையால் குத்தினார்கள். கேழ்வரகுப் பானையைக் கவிழ்த்தார்கள். சுவர் ஓரம் நான் அடுக்கியிருந்த உருண்டைகளைக் கண்டதும் அவர்களுக்கு முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே, புதையல் கிடைத்த மாதிரி. ஒவ்வொன்றாக உடைத்தார்கள். எல்லாமே மின்னியது. ஒருவன் என் பாடப் புத்தகத்தை முதுகைப் பிடித்து உதறினான். தையல் விட்டுப்போய்க் கப்பல் பாட்டு தரையில் விழுந்தது.

அம்மா வாசலில் நின்று வரிசைக்கே கேட்கிற மாதிரி திட்டினாள். "மண்ணாங்கட்டிய ஒடைக்கறத்துக்கு ரெண்டு ஆம்பளைங்களா? த்தூ!" என்றாள். அவர்கள் உடைத்த கட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள்.

நாலு நாள் நைனாவை ஒரு கொட்டகையில் வைத்திருந்தார்கள். மண்ணைச் சோதித்தார்கள். தங்கம் இல்லை, ஒரு குன்றிமணியும் இல்லை என்று முடிவு வந்தது. பெரிய மேனேஜர் துரை அப்போது சீமைக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் இருந்த சின்னத் துரை சிரித்துவிட்டு, "போ, போய் வேலையைப் பார்" என்று சொல்லி அனுப்பினாராம். நைனா வந்தார், குளித்தார், களி தின்றார், மறுநாள் ஷிப்டுக்குப் போனார். விஷயம் அத்தோடு முடிந்தது. நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், முடிந்துபோன விஷயம்.

முடிந்துபோனதைத் தோண்டி எடுத்தவர்தான் நீங்கள் மாலை போடப் போகிற மனிதர்.

பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்ப ஹெட்மாஸ்டருடைய நன்னடத்தைக் கையெழுத்து வேண்டும். மற்ற இரண்டு பேருக்கும் நின்ற இடத்தில் போட்டுக் கொடுத்தார். என் தாளை மட்டும் மேஜையில் வைத்து, மேலே மூக்குக் கண்ணாடிக் கூட்டை வைத்தார்.

"உன் தகப்பனைப் பிடித்தார்களாமே?"

"விட்டுட்டாங்க சார். தங்கம் இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"தங்கம் இல்லை, சரி. மெழுகுவர்த்தி?"

"அது எல்லாரும் எடுத்துகினு வர்றதுதான் சார்."

"எல்லாரும் செய்தால் திருட்டு இல்லையா? அந்த வெளிச்சத்தில்தானே நீ படித்தாய்? திருட்டு வெளிச்சத்தில் படித்தவனுக்கு நல்லவன் என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

 அவர் குரலை உயர்த்தவே இல்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத் தாள் எடுத்தார்.

"உன் தகப்பன் மேனேஜர் துரைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுக்கட்டும். செய்ததை ஒப்புக்கொள்ளட்டும். துரை பெரிய மனசுக்காரர், உண்மையைச் சொன்னவனைக் கைவிட மாட்டார். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று அவருக்கும் தெரியவரும். கடிதத்தை நீயே எழுது, இங்கிலீஷில். பரீட்சையில் கட்டாயம் ஒரு கடிதம் வரும். உனக்கும் பயிற்சியாச்சு."

பயிற்சி என்றார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை என்று உங்களில் யாராவது சொல்வீர்கள். நானும் சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு எங்கள் மூன்று பேருக்கும் சும்மாவே பாடம் சொல்லிக் கொடுத்தவர். என் நிப்பு ஒடிந்தபோது தன் பேனாவைக் கொடுத்தவர். துரை மன்னித்துவிடுவார் என்று நிஜமாகவே நம்பினார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நம்பி என்ன? தன் நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க அவருக்கு என் நைனா கிடைத்தார். தன் சம்பளத்தை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கலாமே.

சரி, அவரைத் திட்டியாச்சு. இப்போது என்னைச் சொல்கிறேன். அந்தக் கடிதத்தை நான் அழுதுகொண்டே எழுதினேன் என்று நினைக்காதீர்கள். ஆசையாக எழுதினேன். கடிதம் எழுதும் முறை புத்தகம் ஒன்று ஹெட்மாஸ்டரிடம் இருந்தது. அதிலிருந்து நல்ல நல்ல வாக்கியமாகப் பொறுக்கினேன். என் மனசாட்சி என்னை இரவும் பகலும் உறுத்துகிறது என்று ஒன்று. தங்கள் கருணையின் நிழலில் ஒதுங்க வந்த பாவி என்று ஒன்று. நைனா ஜன்மத்தில் சொல்லாத வார்த்தை எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தது. எழுதி முடித்து ஒரு தடவை படித்துப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. யாருடைய கழுத்தில் கத்தி வைக்கிறோம் என்று தெரியாத வயசு இல்லை, பதினாறு முடிந்துவிட்டது. ஆனாலும் புல்லரித்தது.

ஹெட்மாஸ்டர் சிவப்பு மசியில் இரண்டு இடம்தான் திருத்தினார். ஒன்று கால்புள்ளி. இன்னொன்று, மெழுகுவத்திகளை எடுத்தேன் என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டுத் திருடினேன் என்று போட்டார். "உண்மையை மழுப்பக்கூடாது" என்றார்.

நைனாவைக் கூப்பிட்டுவரச் சொன்னார். ஷிப்ட் முடிந்து குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நைனா வந்தார். பள்ளிக்கூடத்துக்குள் அவர் காலடி வைத்தது அன்றைக்குத்தான். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் வாசற்படியிலேயே நின்றார். ஹெட்மாஸ்டர் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் தாளை எடுத்துக்கொண்டு படிக்குப் போனேன்.

நைனா தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். எழுத்தை விரலால் தடவினார்.

"நீயா எய்தின?"

"ஆமா நைனா."

"முத்து முத்தா கீது. இன்னா எய்திக்கீற, படி கேக்கலாம்."

எனக்குப் பின்னால் ஐந்தடி தூரத்தில் ஹெட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். என் கண் தாளில் இருந்தது. வாய் வேறு எதையோ சொல்லியது. இங்கிலீஷ் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததைத் தமிழில் வரி வரியாகப் படித்தேன். எங்க நைனா ஒரு நாள் நின்னதில்ல, அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படாதவரு என்று படித்தேன். முதலிலிருந்து கடைசி வரைக்கும் பொய் சொன்னேன். நைனா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஹெட்மாஸ்டர் தமிழர்தானே. காதும் நன்றாகக் கேட்கும். வாரத்துக்கு ஒரு தடவை சத்தியத்தைப் பற்றி நமக்கு ஒரு மணி நேரம் பேசுவாரே, நினைவிருக்கிறதா? அவர் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் முடித்ததும் மசிப்புட்டி மூடியைத் திருகித் திறந்தார்.

அந்தக் கட்டைவிரலில்தான் கைநாட்டு. நுனி தட்டையாக இருந்ததால் ரேகை விழவில்லை, வெறும் கறையாக அப்பிக்கொண்டது. "இது செல்லாது. இன்னொரு பிரதி எழுது" என்றார் ஹெட்மாஸ்டர். நான் அங்கேயே உட்கார்ந்து முழுக் கடிதத்தையும் மறுபடி எழுதினேன், இந்தத் தடவை திருடினேன் என்றே. நைனா அரை மணி நேரம் படியில் நின்றுகொண்டே இருந்தார். இரண்டாவது தாளில் வலது கட்டைவிரலை வைத்தார்கள். அது துரைக்குப் போயிற்று. முதல் தாள் ஹெட்மாஸ்டரிடம் நின்றது. அதைத்தான் நீங்கள் கண்ணாடிச் சட்டத்தில் பார்த்தீர்கள்.

விண்ணப்பத்தில் கையெழுத்து விழுந்தது. திரும்பி நடக்கும்போது நைனா, "ரெண்டு தபா எய்தினியே, கை நோவுதா?" என்று கேட்டார்.

மார்கழியில் பரீட்சை, பெங்களூரில். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்கு நைனாவும் சித்தப்பாவும் வந்தார்கள். பனியில் ரயில் புகை கீழேயே படிந்து நின்றது. நைனா பிளாட்பாரத்தில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும், "எம் புள்ள. தொரைக்கே லெட்டர் எய்திக் குத்தவன்" என்றார். சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அம்மா கோணி ஊசியால் தைத்துக் கொடுத்திருந்த புத்தகம். இன்னும் கொழுப்பு வாசனை அடித்தது. பௌரிங்பேட்டையில் வண்டி மாறுகிறவரைக்கும் ஒரு வரிகூட மனசில் ஏறவில்லை.

இங்கிலீஷ் பரீட்சை நன்றாகத்தான் எழுதினேன். கடிதக் கேள்வி வந்தது. நோயில் படுத்திருக்கிற நண்பனுக்கு ஆறுதல் எழுதச் சொல்லியிருந்தார்கள். கை தானாக எழுதிக்கொண்டு போயிற்று. பயிற்சி இருந்தது அல்லவா?

ஊருக்குத் திரும்பி வீட்டுக்குப் போனால், வாசலில் அம்மா பானைகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள். மேனேஜர் துரை சீமையிலிருந்து வந்துவிட்டார். வந்ததும் மேஜையில் குவிந்திருந்த காகிதங்களைப் பார்த்திருக்கிறார். அதில் ஹெட்மாஸ்டருடைய முகப்புக் கடிதமும், அதோடு சேர்த்து ஒரு கூலி தன் கைநாட்டோடு கொடுத்த திருட்டு வாக்குமூலமும் இருந்தது. சின்னத் துரை சிரித்துவிட்டு விட்டதை இனி யாரும் சிரித்துத் தள்ளிவிட முடியாது, எழுத்தில் இருக்கிறது. நைனாவின் பேரை அடித்துவிட்டார்கள். வீடு சுரங்கத்தினுடையது, மூன்று நாளில் காலி செய்ய வேண்டும். திருட்டுக்காக நீக்கப்பட்டவன் என்று பேர் போய்விட்டால் தங்கவயலில் இருக்கிற எந்தச் சுரங்கத்திலும், கடைசியில் இருக்கிற பாலகாட் சுரங்கம் வரைக்கும், சேர்க்கமாட்டார்கள்.

நைனா என்னைப் பார்த்ததும் முதலில் பரீட்சை எப்படி என்று கேட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டேய், அந்த லெட்டரு தொரை கைக்குப் போவல. எவனோ நடுவுல அமுக்கிட்டான். நீ எய்தினத அவரு படிச்சிருந்தா இப்டி செய்வாரா? நீ இன்னொண்ணு எய்து. அதே மாரி எய்து. நேரா ஆபீஸ்ல கொண்டும்போயிக் குடு."

சித்தப்பா அங்கேதான் நின்றார். அவருக்கும் படிக்கத் தெரியாது, ஆனால் அவர் ஏமாறவில்லை. நைனா நகர்ந்ததும் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "இன்னாடா எய்தின? உண்மையச் சொல்லு. உனுக்கு வத்தி மிச்சம் புடிக்கத்தான் அரை இருட்டுல சம்மட்டி போட்டேன். எங் கையாலதான் அவரு வெரல் நசுங்கிச்சு. கல்லு வியிந்துச்சுன்னு உன்னாண்ட சொல்லச் சொன்னாரு. இன்னா எய்தின?" என்றார்.

 என் முகத்திலேயே பதிலைப் பார்த்துக்கொண்டு, சட்டையை விட்டுவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு சாகிறவரைக்கும் என்னோடு பேசவில்லை. அவர் செய்தது நியாயம்.

அன்றைக்கே இன்னொரு கடிதம் எழுதினேன். இந்தத் தடவை மாதிரிப் புத்தகம் இல்லை. படியில் நின்று நைனாவுக்குத் தமிழில் என்ன படித்தேனோ, அதை அப்படியே இங்கிலீஷில் எழுதினேன். மனசாட்சி, கருணை, நிழல் ஒன்றும் இல்லாமல் சின்னச் சின்ன வாக்கியமாக வந்தது. சுரங்க ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே இருந்த கிளார்க் நம் ஆள்தான். படித்துப் பார்த்தார், பீரோவைத் திறந்து பழைய கடிதத்தை எடுத்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே தம்பி. இதுல திருடன்னு எழுதியிருக்கே, அதுல யோக்கியன்னு எழுதியிருக்கே. எதை நான் உள்ளே எடுத்துட்டுப் போக?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் என் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆபீசுக்கு வெளியே இருந்த சாக்கடையில் கிழித்துப் போட்டேன். நைனாவிடம், "குடுத்துட்டேன், தொரை சுரங்கத்துல எறங்கிக்கீறாராம்" என்றேன். மூன்று நாளும் அவர் பானை மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆபீஸ் பியூன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பார், உன் தகப்பன் மேல் இனி ஒரு பாரமும் இல்லை" என்றார். ரிசல்ட் பார்க்க மறுபடி பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது மூன்று பேரில் நான் மட்டும்தான் இங்கிலீஷில் தேறியிருந்தேன். எல்லாரையும் நிற்கவைத்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன். அந்தக் கையை உதறியிருக்கலாம். உதறவில்லை. அந்த ரிசல்ட்டை வைத்துத்தான் பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்டில், ஒரு ஆபீசில் குமாஸ்தாவானேன். முப்பத்து நாலு வருஷம் இங்கிலீஷ் கடிதம் எழுதிச் சோறு தின்றேன்.

நைனா தண்டில் ரோட்டுக்குக் கல் உடைத்தார். வெளிச்சத்தில் வேலை செய்வது நன்றாக இருக்கிறது என்று சொல்வார், என் மனசுக்காகத்தான். ஏழெட்டு வருஷம் இருந்தார். நெஞ்சில் சுரங்கத் தூசி ஏறிக் கடைசியில் படுத்துவிட்டார். நினைவு தப்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "தொரை மட்டும் அத்தப் படிச்சிருந்தா" என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கஞ்சியை ஆற்றி அடுத்த கரண்டியை ஊட்டினேன்.

கடிதத்துக்குச் சட்டம் போட்டு மாட்டிய சேதி எனக்கு வெகு நாளைக்குப் பிறகுதான் தெரியும். உங்களில் ஒருவர் ரயிலில் எதிரில் உட்கார்ந்து, நம் பள்ளிக்கூடமா நீங்களும் என்று சந்தோஷப்பட்டு, அந்த மாதிரிக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எனக்கே ஒப்பித்துக் காட்டினார். ஒரு எழுத்து பிசகவில்லை. நான் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். அது என் ஸ்டேஷன் இல்லை.

படத்தைத் திறந்துகொள்ளுங்கள். மாலையும் போடுங்கள். உங்களுக்கு அவர் நல்லது செய்திருக்கிறார், அதை நான் எப்படி மறுக்க முடியும்? கடிதத்தை மட்டும் சட்டத்திலிருந்து எடுத்து எனக்கு அனுப்பிவிடுங்கள். அதில் இருப்பது என் நைனாவின் விரல். அவருடையது என்று என்னிடம் வேறு எதுவும் இல்லை.

முடியாது, மேடையில் வாசித்தே தீர வேண்டும் என்றால், நான் வாசித்த மாதிரி வாசியுங்கள். தாளை இங்கிலீஷ் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு, படியில் ஒருவர் நின்று கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தமிழில் இதைச் சொல்லுங்கள். எனக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை.

"பெரிய தொரை அவங்களுக்கு. எங்க நைனா உங்க சுரங்கத்துல பதினோரு வருசமா கம்பி புடிக்கிறாரு. ஒரு நாள் நின்னதில்ல. அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படாதவரு. நான் படிக்கணும்னு அவரு இருட்டுல வேலை செஞ்சாரு. அவரு எடுத்தாந்தது உங்க வத்தி இல்ல, அவரு எரிக்காம வுட்ட வெளிச்சம். அவர நம்புங்க. இப்படிக்கு, அவரு புள்ள."